லோடு ஏறிப்போச்சு, லைன் தாங்குமா? – வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்வில பெரும்பாலானது ஒரே விஷயத்தை சுத்தித்தான் இருக்கு. வீட்டுக்கு புதுசா ஏசி வந்திருக்கு, இண்டக்ஷன் அடுப்பு வந்திருக்கு, கார் சார்ஜர் வரப்போகுது, ஆனா வயரிங் மட்டும் ட்யூப்லைட்டும் ஃபேனும் ஓடின காலத்துல போட்டதாவே இருக்கு. அதனால மத்த கேள்விகளை அடுத்த இதழுக்கு தள்ளி வெச்சுட்டு இதை மட்டும் எடுத்துக்கிட்டேன். நீளமா வந்த கடிதங்களை கொஞ்சம் சுருக்கியிருக்கேன்.

கேள்வி: வணக்கம் சார். நான் இல்லத்தரசி. எங்க வீட்டுல முன்னாடி ஒரே ஒரு ஏசி, ஒரு கீசர். இப்ப ரெண்டாவது ஏசி மாட்டினோம், இண்டக்ஷன் அடுப்பும் வாங்கினோம். சாயங்காலம் எல்லாம் ஒண்ணா ஓடினா மெயின் ட்ரிப் ஆகிடுது. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துட்டு, 32 ஆம்பியர் எம்சிபிய (லோடு அதிகமானா தானா விழுந்து ஆஃப் ஆகற சுவிட்ச்) கழட்டிட்டு 63 போட்டா சரியாயிடும்னு சொல்றார். போட்டுடலாமா?

பதில்: வேண்டாம்மா, தயவுசெஞ்சு வேண்டாம். ட்ரிப் ஆகறது நின்னுடும், அது உண்மைதான், ஆனா அந்த ட்ரிப்தான் இப்ப உங்க வீட்டை காப்பாத்திட்டு இருக்கு. டிபில, அதாவது சுவிட்செல்லாம் மாட்டியிருக்கற மெயின் பெட்டில, இருக்கற எம்சிபி ஏசியையோ கீசரையோ பார்த்து போடறதில்ல, அதுக்கு பின்னாடி சுவருக்குள்ள போற வயர் எவ்வளவு தாங்கும்னு பார்த்து போடறது. உங்க மெயின் வயர் 6 ஸ்கொயர் எம்எம் காப்பரா இருந்தா (32 ஆம்பியர் மெயின் இருக்கற வீடுகள்ல பல இடத்துல அதுதான் இருக்கும்) பைப்புக்குள்ள, வெயில் காலத்துல, தோராயமா 35 ஆம்பியர் வரைக்கும் தாங்கும். சாதாரண பிவிசி வயரோட உள்கம்பி 70 டிகிரிக்கு மேல சூடாகக்கூடாதுங்கறதுதான் அந்த கணக்கோட அடிப்படை.

இப்ப 63 போட்டா என்ன ஆகும்னு பாருங்க. எம்சிபி எழுதியிருக்கற ஆம்பியரை தாண்டின உடனே விழுந்துடாது. வீட்டு எம்சிபிக்கான சர்வதேச விதிப்படி, எழுதியிருக்கறதுக்கு 1.13 மடங்கு ஓடினா ஒரு மணி நேரம் வரைக்கும் அது விழவே கூடாது, 1.45 மடங்கு ஓடினா ஒரு மணி நேரத்துக்குள்ள விழணும். அப்ப 63 ஆம்பியர் எம்சிபி 71 ஆம்பியரை ஒரு மணி நேரம் தாராளமா விட்டுடும், 91 ஆம்பியர் போனாகூட விழறதுக்கு ஒரு மணி நேரம் வரைக்கும் எடுத்துக்கலாம். அந்த நேரம் முழுக்க 35 ஆம்பியர் வயர் சுவருக்குள்ள வெந்துட்டு இருக்கும். சூடு கரண்ட்டோட வர்க்கத்துல ஏறும், அதாவது கரண்ட் ரெண்டு மடங்கானா சூடு நாலு மடங்கு, இதை ஜூல்னு ஒரு இங்கிலாந்து விஞ்ஞானி 1840கள்லயே அளந்து சொல்லிட்டார். வயர் மேல இருக்கற பிவிசி ஒரே நாள்ல எரியாது, கொஞ்சம் கொஞ்சமா காஞ்சு விறைச்சு வெடிப்பு விடும், அப்புறம் என்னைக்கோ ஒரு நாள் ஷார்ட் ஆகும், அன்னைக்கு எல்லாரும் ஏசியதான் குறை சொல்வாங்க.

எம்சிபிய பெருசு பண்ணக்கூடாதுன்னு நான் சொல்லல. அதுக்கு முன்னாடி மீட்டர்லேர்ந்து டிபி வரைக்கும் வர்ற வயரை பெருசு பண்ணணும், அதுக்கும் முன்னாடி வெளியிலேர்ந்து மீட்டருக்கு வர்ற சர்வீஸ் லைன் அவ்வளவு தாங்குமான்னு கேக்கணும், அதுக்கும் முன்னாடி மின்வாரியம் உங்களுக்கு எவ்வளவு லோடு அனுமதிச்சிருக்குன்னு பில்லுல பார்க்கணும். வெளியிலேர்ந்து உள்ள வரைக்கும் இந்த வரிசையில எது சின்னதோ அதுதான் உங்க வீட்டோட உண்மையான அளவு. எம்சிபிய மட்டும் மாத்தறது அந்த அளவை கூட்டாது, எச்சரிக்கையை மட்டும் எடுத்துடும். தோராயமா ஒரு கணக்கு சொல்றேன்: 40 ஆம்பியர் மெயினுக்கு 10 ஸ்கொயர் எம்எம் காப்பர், 63க்கு 16 ஸ்கொயர் எம்எம் காப்பர். அலுமினியம் கேபிளா இருந்தா அதே கரண்ட்டுக்கு இன்னும் ஒரு சைஸ் மேல போகணும், ஏன்னா கரண்ட் கடத்தற திறன்ல அலுமினியம் காப்பர்ல சுமார் 60 சதவீதம்தான்.

இன்னொண்ணு, இது பலபேர் கோட்டை விடற இடம். உங்க டிபில ஆர்சிசிபி இருந்தா அதுல 40 ஆம்பியர்னு எழுதியிருக்கலாம். ஆர்சிசிபிக்கு ஓவர்லோடு பார்த்து விழற வேலை கிடையாது, அது லீக்கேஜ், அதாவது கரண்ட் வழி மாறி எர்த்துக்கோ ஆள் மேலயோ கசியறதை, மட்டும்தான் பார்க்கும். மெயினை 63 ஆக்கிட்டு ஆர்சிசிபிய 40லயே விட்டா அது உள்ளுக்குள்ள கருகும், வெளிய ஒண்ணும் தெரியாது. மாத்தினா ரெண்டையும் சேர்த்து பார்க்கணும்.

எல்லாம் முடியற வரைக்கும் ஒண்ணு பண்ணுங்க, கீசர் ஓடற நேரத்துல இண்டக்ஷன் வேண்டாம். ரெண்டும் சேர்ந்தா 4 கிலோவாட், அதுவே 17 ஆம்பியருக்கு மேல.

கேள்வி: வீட்டுல இருக்கற எல்லா சாமானோட வாட்ஸையும் கூட்டிப் பார்த்தேன், 14 கிலோவாட் வருது. அவ்வளவு லோடு எழுதிக் கொடுத்து வாங்கணுமா? மாசாமாசம் பிக்சட் சார்ஜ் ஏறுமேன்னு கவலையா இருக்கு.

பதில்: கூட்டிப் பார்த்ததே நல்ல காரியம், நிறைய பேர் அதைக்கூட செய்யாம லோடு கூட்டி எழுதறாங்க. ஆனா எல்லாம் ஒரே நேரத்துல ஓடாது இல்லையா, வாஷிங் மெஷின் காலைல, ஏசி ராத்திரி, மிக்ஸி நாளைக்கு கொஞ்ச நேரம். அதனால ரெண்டு பட்டியல் போடுங்க. ஒண்ணு, ஒரே சமயத்துல ஓட வாய்ப்பு இருக்கறது, அதுவும் உங்க வீட்டுல மோசமான ஒரு மணி நேரம் எதுவோ அப்ப ஓடறது. இன்னொண்ணு மிச்சம். முதல் பட்டியலை முழுசா எடுத்துக்கோங்க, ரெண்டாவதுலேர்ந்து ஒரு கால் பங்கு சேர்த்துக்கோங்க. இது விதிப்புத்தகத்துல இருக்கற கணக்கு இல்ல, வீட்டுக்கு ஒத்துவர்ற ஒரு நிதானம்.

உதாரணத்துக்கு ரெண்டு ஒன்றரை டன் ஏசி சேர்ந்து 3.5 கிலோவாட், கீசர் 2, இண்டக்ஷன் 2, ஃப்ரிட்ஜ் லைட் ஃபேன் டிவி எல்லாம் ஒரு 1 கிலோவாட்னா 8.5 ஆச்சு. 1 எச்பி தண்ணி மோட்டாரும் அப்பவே போட்டா அது ஒரு 1 கிலோவாட் சொச்சம் இழுக்கும் (746 வாட்ஸ்ங்கறது மோட்டார் வெளிய கொடுக்கற சக்தி, லைன்லேர்ந்து எடுக்கறது அதைவிட அதிகம்). ஆக 9.5. மிச்சம் 4.5ல கால் பங்கு, ஒரு 1.1 சேர்த்தா 10.6. இதை 230ஆல வகுத்தா 46 ஆம்பியர். இதுதான் உங்களுக்கு வேண்டிய நம்பர், 14 கிலோவாட்டுக்கு வர்ற 61 ஆம்பியர் இல்ல.

பேப்பர் கணக்கை நம்பறதைவிட அளந்து பார்க்கறது மேல்னு நான் நினைக்கிறேன். பல டிஜிட்டல் மீட்டர்ல பட்டனை அழுத்திட்டே போனா, இல்ல டிஸ்ப்ளே தானா மாறும்போது, எம்டின்னு ஒரு எண் வரும், கிலோவாட்ல. அந்த மாசத்துல உங்க வீடு எடுத்த உச்ச டிமாண்ட் அது, வழக்கமா 15 இல்ல 30 நிமிஷ சராசரியா கணக்கு பண்ணுவாங்க. அது அனுமதிச்ச லோடை தொட்டுட்டு இருந்தா புது சாமான் வாங்கறதுக்கு முன்னாடியே லோடு கூட்ட எழுதிக் கொடுங்க. பாதிலதான் நிக்குதுன்னா பொறுமையா யோசிக்க நேரம் இருக்கு. அதைவிட்டா எலக்ட்ரீஷியன்கிட்ட இருக்கற க்ளாம்ப் மீட்டரை மெயின் பேஸ் வயர்ல மாட்டச் சொல்லி, சாயங்காலம் வழக்கமா ஓடற எல்லாத்தையும் போட்டுப் பாருங்க. பத்து நிமிஷ வேலை.

ஒரு விஷயம் மட்டும் சலுகை இல்லாம முழுசா எழுதணும், கார் சார்ஜர். அது மணிக்கணக்கா நிக்காம ஒரே மாதிரி இழுக்கும். கீசர் சூடானா ஆஃப் ஆகும், ஏசி குளிர்ந்தா குறைஞ்சுக்கும், சார்ஜர் அப்படி இல்ல.

கேள்வி: சிங்கிள் பேஸை த்ரீ பேஸா மாத்தினா கரண்ட் பில் அதிகமாகும்னு மாமனார் சொல்றார், மாத்தவே வேண்டாம்ங்கறார். எங்களுக்கு 10 கிலோவாட் தேவைப்படுது. எது நல்லது?

பதில்: பெரியவர்கிட்ட சொல்லுங்க, ஏசி ஒரு மணி நேரம் ஓடினா எத்தனை யூனிட்டோ அத்தனைதான், எந்த பேஸ்ல ஓடினாலும் யூனிட் மாறாது. அனுமதிச்ச லோடு கூடறதால நிலைக் கட்டணம் கூடலாம், அது வாரியத்துக்கு வாரியம் வேற, போய் கேட்டுக்கணும். அவர் சொல்றதுல இருக்கற உண்மை அந்த அளவுதான்.

10 கிலோவாட்டை சிங்கிள் பேஸ்ல எடுத்தா 43 ஆம்பியருக்கு மேல ஒரே வயர்ல வரணும். த்ரீ பேஸ்ல சமமா பிரிச்சா ஒவ்வொரு பேஸ்லயும் 14.5 ஆம்பியர்தான். மூணு பேர் தூக்க வேண்டிய மூட்டையை ஒருத்தர் தலையில வெக்காம இருக்கறது அது. வயர் சூடாகறது குறையும், லைட் மங்கறது குறையும். பல இடத்துல ஒரு அளவுக்கு மேல போனா வாரியமே த்ரீ பேஸ்தான் கொடுக்கும், நமக்கு தேர்ந்தெடுக்கற வாய்ப்பே இருக்காது.

ஆனா "சமமா பிரிச்சா"ன்னு சொன்னேன் பாருங்க, முழு பலனும் அந்த ஒரு வார்த்தைலதான் இருக்கு. த்ரீ பேஸ் வாங்கிட்டு ரெண்டு ஏசியையும் கீசரையும் ஆர் பேஸ்லயே (மூணு பேஸுக்கும் ஆர், ஒய், பின்னு பேர்) மாட்டி வெச்சிருக்கற வீடுகள் இருக்கு, அங்க ஒய்லயும் பிலயும் நாலு லைட்தான் ஓடும், ஆர் பேஸ் எம்சிபி மட்டும் விழுந்துட்டே இருக்கும். டிபி போடறதுக்கு முன்னாடி எலக்ட்ரீஷியனை உக்கார வெச்சு ஒரு தாள்ல எந்த ரூம் எந்த பேஸ், எந்த சாமான் எந்த நேரத்துல ஓடும்னு எழுதி வாங்கிடுங்க. மொத்த வாட்ஸை மூணா வகுத்தா போதாது, ராத்திரி ஓடற ரெண்டு ஏசியும் வேற வேற பேஸ்ல இருக்கணும்.

நியூட்ரல் பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும், த்ரீ பேஸ் வீட்டுல பெரிய நஷ்டம் வர்றது அங்கதான். ஒவ்வொரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல 230 வோல்ட், ரெண்டு பேஸுக்கு நடுவுல 400. நியூட்ரல் வயர் எங்கயாவது விட்டுப்போச்சுன்னா ரெண்டு பேஸ்ல இருக்கற சாமானெல்லாம் ஒண்ணுக்கு பின்னாடி ஒண்ணா அந்த 400 வோல்ட்டுக்கு குறுக்க நின்னுடும், லோடு கம்மியா இருக்கற பேஸ்ல வோல்டேஜ் 300, 350ன்னு ஏறிடும். டிவி, ஃப்ரிட்ஜ் போர்டு, ரவுட்டர் எல்லாம் ஒரே நிமிஷத்துல போயிடும், எம்சிபி விழாது, ஏன்னா கரண்ட் அதிகமாகல, வோல்டேஜ்தான் அதிகம். அதனால நியூட்ரல்ல ஃப்யூஸ் போடவே கூடாது, நியூட்ரலை மட்டும் தனியா வெட்டற சுவிட்சும் கூடாது. மெயினுக்கு மூணு பேஸையும் நியூட்ரலையும் ஒண்ணா வெட்டற நாலு போல் சுவிட்ச் போடுங்க, நியூட்ரல் லக் (வயர் முனைல அழுத்தி மாட்டற உலோகத் துண்டு) நல்லா க்ரிம்ப் பண்ணியிருக்கான்னு பாருங்க, ஓவர் வோல்டேஜ் ஏறினா தானா கட் பண்ற ரிலே ஒண்ணு மெயினுக்கு அப்புறம் மாட்டிடுங்க.

பேஸ் மாத்தற சுவிட்ச் பத்தியும் இங்கயே சொல்லிடறேன். ஒரு பேஸ் போச்சுன்னா அந்த பேஸ்ல இருக்கற சாமானை இன்னொரு பேஸுக்கு திருப்பி விடற சுவிட்ச் பல வீட்டுல இருக்கு. லைட் ஃபேனுக்கு அது வசதிதான். ஏசியும் கீசரும் அதோட சேர்ந்து திரும்பினா நாம கஷ்டப்பட்டு பிரிச்ச லோடு முழுக்க ஒரே பேஸ்ல வந்து உக்காந்துடும். கனமான சாமானை அந்த சுவிட்ச்சுக்கு வெளியிலேயே வெச்சுடுங்க.

கேள்வி: மோட்டார் போட்டா லைட் மங்குது. லோடு பத்தலைன்னு அர்த்தமா?

பதில்: எப்படி மங்குதுன்னு கவனிங்க தம்பி, பதில் அதுலதான் இருக்கு.

ஸ்டார்ட் ஆகற அந்த ஒரு நொடி மட்டும் மங்கி உடனே சரியானா, மோட்டார் கிளம்பும்போது ஓடற கரண்ட்டைவிட அஞ்சாறு மடங்கு இழுக்கறதால வர்றது, லேசா இருந்தா பயப்பட ஒண்ணுமில்ல. மோட்டார் ஓடற நேரம் முழுக்க மங்கலாவே இருந்தா எங்கயோ வோல்டேஜ் இறங்குது. மீட்டர்கிட்ட ஒரு தடவை, டிபில ஒரு தடவை, மோட்டார்கிட்ட ஒரு தடவைன்னு மோட்டார் ஓடும்போதே எலக்ட்ரீஷியனை அளக்கச் சொல்லுங்க. மீட்டர்லயே இறங்குதுன்னா வெளி லைன் பிரச்னை, பக்கத்து வீட்டுலயும் அதே நேரம் மங்கும், வாரியத்துல எழுதிக் கொடுக்கணும். மீட்டர்ல சரியா இருந்து டிபில இறங்கினா நடுவுல இருக்கற வயர் மெலிசு, இல்ல ஜாயின்ட் லூஸ். 2.5 ஸ்கொயர் எம்எம் காப்பர்ல 20 மீட்டர் தூரத்துக்கு 15 ஆம்பியர் போனா போக வர சேர்த்து நாலரை வோல்ட் மாதிரிதான் இறங்கும், அதனால 20 வோல்ட் இறங்குதுன்னா வயர் சைஸை விட ஜாயின்ட்டைத்தான் நான் முதல்ல சந்தேகப்படுவேன்.

லூஸ் ஜாயின்ட்டை லேசா நினைக்காதீங்க. ஒரு ஸ்க்ரூகிட்ட வெறும் 0.1 ஓம் தடை இருந்தா போதும், 30 ஆம்பியர் போகும்போது அந்த இடத்துல 90 வாட்ஸ் சூடு பிறக்கும், ஒரு பழைய குண்டு பல்போட சூடு முழுக்க ஒரு ஸ்க்ரூ தலைல. எம்சிபிக்கு அது தெரியவே தெரியாது, அதுக்கு 30 ஆம்பியர் நியாயமான கரண்ட்தான். லோடு கூட்டும்போது பழைய ஜாயின்ட்டெல்லாம் திறந்து பார்க்கச் சொல்றது இதுக்காகத்தான், பத்து ஆம்பியர்ல இத்தனை வருஷம் சும்மா இருந்த லூஸ் கனெக்ஷன் முப்பதுல கருக ஆரம்பிக்கும். அலுமினியமும் காப்பரும் நேரடியா முறுக்கி சேர்த்திருந்தா உடனே மாத்துங்க, அதுக்குன்னு பைமெட்டாலிக் லக் இருக்கு.

மூணாவதா ஒண்ணு. மோட்டார் போட்டா சில லைட் மங்கி, சில லைட் வழக்கத்தைவிட பளிச்சுன்னு எரிஞ்சா, அது நியூட்ரல் விடறதோட அடையாளம். யோசிக்காம மெயினை ஆஃப் பண்ணிட்டு ஆளை கூப்பிடுங்க.

கேள்வி: எலக்ட்ரிக் கார் புக் பண்ணியிருக்கோம். 7.4 கிலோவாட் சார்ஜர் தர்றாங்க. இருக்கற லைன்லயே ஓட்டிடலாமா, இல்ல கட்டாயம் லோடு கூட்டணுமா?

பதில்: 7.4 கிலோவாட்னா 32 ஆம்பியர், பல வீட்டுக்கு மொத்த மெயினே அவ்வளவுதான். அப்படியே மாட்டினா சார்ஜர் ஓடும்போது வீட்டுல வேற எதுவும் ஓட முடியாது. ஆனா லோடு கூட்டித்தான் ஆகணும்னு இல்ல, முதல்ல ஒரு நாளைக்கு எவ்வளவு ஓட்டுவீங்கன்னு பாருங்க. சின்ன கார் ஒரு யூனிட்டுக்கு ஆறு ஏழு கிலோமீட்டர் தாராளமா போகும். தினம் 40 கிலோமீட்டர்னா ஆறு ஏழு யூனிட், சார்ஜ் ஏத்தும்போது போற நஷ்டம் சேர்த்தாலும் 3.3 கிலோவாட் ஸ்லோ சார்ஜர் ராத்திரி மூணு மணி நேரத்துக்குள்ள முடிச்சுடும். சுவர்ல மாட்டற சார்ஜர் பலதுல கரண்ட்டை 10, 16ன்னு குறைச்சு செட் பண்ண முடியும், வீட்டு லோடை பார்த்து தானா குறைச்சுக்கற மாடலும் இருக்கு. தினசரி ஓட்டம் அதிகம், ரெண்டாவது காரும் வரப்போகுதுன்னா அப்ப தயங்காம த்ரீ பேஸ் போங்க, 11 கிலோவாட் சார்ஜர்கூட பேஸுக்கு 16 ஆம்பியர்தான் எடுக்கும், கார் அதை ஏத்துக்குமான்னு மட்டும் கேட்டுக்கோங்க.

எந்த அளவா இருந்தாலும் டிபிலேர்ந்து தனி வயர், தனி எம்சிபி, தனி ஆர்சிசிபி. 32 ஆம்பியர் சார்ஜருக்கு 6 ஸ்கொயர் எம்எம் கடைசி அளவு, கார் ஷெட் தூரமா இருந்தாலோ மத்த வயரோட ஒரே பைப்புல போனாலோ 10 போடுங்க. ஒரே பைப்புல மூணு சர்க்யூட் போனா ஒவ்வொரு வயரும் தாங்கறது 70 சதவீதமா குறையும், இதை கணக்குல எடுக்காதவங்க நிறைய. ஆர்சிசிபில ஏசி டைப் (ரூம் ஏசி இல்ல, மாறுதிசை மின்சாரம்) வேண்டாம், கார்லேர்ந்து லேசா டிசி (நேர்திசை மின்சாரம்) கசிஞ்சா அந்த டைப் செயலிழந்துடும், வேற எங்க லீக்கேஜ் வந்தாலும் விழாது. பி டைப், இல்லாட்டி சார்ஜருக்குள்ளயே 6 மில்லி ஆம்பியர் டிசி கண்டுபிடிக்கற வசதி இருந்தா ஏ டைப். சார்ஜர் புத்தகத்துல எழுதியிருக்கும், படிக்காம மாட்ட விடாதீங்க.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல கார் சார்ஜ் பண்ணாதீங்க. ஒரு ராத்திரிகூட வேண்டாம்.

கேள்வி: வீட்டை புதுப்பிச்சு லோடு கூட்டினப்ப ஆர்சிசிபி போட்டாங்க. அது அடிக்கடி விழுது. எர்த்திங்தான் நல்லா இருக்கே, ஆர்சிசிபிய எடுத்துடலாம்னு வேலை செஞ்சவரே சொல்றார்.

பதில்: இந்த பக்கத்துல ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீங்கன்னா இதை படிங்க.

எர்த் நல்லா இருந்தா எம்சிபி விழுந்துடும்னு நினைக்கறாங்க. கணக்கு போட்டு பாருங்க. வீட்டு எர்த் கம்பியோட தடை 10 ஓம்னு வெச்சுப்போம், மோசமில்லாத எர்த்துதான். கீசர் பாடில பேஸ் பட்டுடுச்சு, எர்த் வழியா போற கரண்ட் 230ஐ 10ஆல வகுத்தா 23 ஆம்பியர். கீசருக்கு போட்டிருக்கற எம்சிபி 20 ஆம்பியரா இருந்தா 23 ஆம்பியருக்கு அது ஒரு மணி நேரத்துக்கு மேலயும் விழாம இருக்கலாம், மெயின் 32னா விழவே விழாது. அதுவரைக்கும் கீசர் பாடி, குழாய், தண்ணி எல்லாத்துலயும் கரண்ட் இருக்கும். எர்த் சொந்தக் கம்பியா மண்ணுக்குள்ள போற வீட்டுல அந்த நேரத்துல ஆளை காப்பாத்தறது ஆர்சிசிபி மட்டும்தான். 30 மில்லி ஆம்பியர் லீக்கேஜுக்கு 0.3 நொடிக்குள்ள அது விழுந்தாகணும். லோடு கூட கூட மோட்டார், கீசர், ஏசி அவுட்டோர்னு தண்ணியும் இரும்பும் சேர்ற இடம் கூடுது, இப்ப போய் அதை எடுக்கறதா?

அது விழறதுக்கு காரணம் இருக்கும், கண்டுபிடிக்க முடியும். பழைய வீட்டுல ரெண்டு சர்க்யூட்டோட நியூட்ரலை எங்கயோ ஒண்ணா முறுக்கியிருப்பாங்க, ஒரு வழியா போன கரண்ட் வேற வழியா திரும்பினா ஆர்சிசிபி அதை லீக்கேஜ்னுதான் எடுத்துக்கும். எல்லா சர்க்யூட்டையும் ஆஃப் பண்ணி, நியூட்ரலையும் கழட்டி, ஒவ்வொண்ணா போட்டுப் பார்த்தா எந்த சர்க்யூட்னு மாட்டிக்கும். ஈரம் ஏறின வயரா இருந்தா 500 வோல்ட் மெக்கர்ல இன்சுலேஷன் அளக்கச் சொல்லுங்க, ஒரு மெகா ஓமுக்கு கீழ வந்தா அந்த வயரை மாத்தணும். கீசர் காயில் போயிருக்கலாம். இதெல்லாம் இல்லைன்னா, கம்ப்யூட்டர், வாஷிங் மெஷின், இன்வர்ட்டர் ஏசி ஒவ்வொண்ணும் இயல்பாவே கொஞ்சம் கொஞ்சம் எர்த்துக்கு விடும், பெரிய வீட்டுல எல்லாம் சேர்ந்து ஒரே ஆர்சிசிபிய விளிம்புல நிக்க வெச்சிருக்கும். அதுக்கு தீர்வு ரெண்டு மூணு ஆர்சிசிபியா பிரிக்கறது. அதுல டெஸ்ட் பட்டன் இருக்கு, மாசம் ஒரு தடவை அழுத்துங்க, விழலைன்னா அன்னைக்கே மாத்துங்க.

கேள்வி: அடுக்குமாடில இருக்கோம். எங்க ஃப்ளாட்டுக்கு மட்டும் லோடு கூட்ட முடியுமா?

பதில்: எழுதிக் கொடுக்கலாம், ஆனா கீழ மீட்டர் ரூம்லேர்ந்து உங்க ஃப்ளாட்டுக்கு வர்ற கேபிளும், கட்டிடத்துக்கு வர்ற மெயின் கேபிளும் எல்லாருக்கும் கணக்கு பண்ணி போட்டது. நீங்க ஒருத்தர் கூட்டினா தாங்கும், பத்து பேர் தனித்தனியா கூட்டினா தாங்காது. சங்கத்துல பேசி ஒரே தடவையா அளந்து மாத்தறதுதான் எல்லாருக்கும் செலவு கம்மி.

கேள்வி: சோலார் போட்டா லோடு கூட்ட வேண்டாம்னு ஒருத்தர் சொன்னார்.

பதில்: பேட்டரி இல்லாத சோலார் ராத்திரி ஒண்ணும் தராது, உங்க ஏசி ராத்திரிதான் ஓடுது. பில் குறையும், லைன் அளவு குறையாது. போடறதா இருந்தா டிபில எங்க சேர்க்கறாங்கன்னு பாருங்க, மெயின் 40 ஆம்பியரும் சோலார்லேர்ந்து 20 ஆம்பியரும் ஒரே பஸ்பாருக்கு (டிபிக்குள்ள கரண்ட்டை பிரிச்சு விடற உலோகப் பட்டை) ரெண்டு பக்கமும் வந்தா அதுல 60 வரைக்கும் ஓடலாம், எந்த எம்சிபியும் அதை தடுக்காது. பஸ்பார் அந்த அளவுக்கு இருக்கணும்.

கேள்வி: லோடு கூட்டறதுன்னா என்னென்ன வேலை, யார் செய்யணும், எந்த வரிசைல?

பதில்: மீட்டர் வரைக்கும் வாரியத்தோட வேலை, அதுல நம்ம எலக்ட்ரீஷியன் கை வெக்கக்கூடாது, சீலை உடைக்கவே கூடாது. மீட்டருக்கு அப்புறம் நம்ம பொறுப்பு, லைசென்ஸ் வாங்கின ஆள்தான் செய்யணும். மெயினை ஆஃப் பண்ணினாலும் மீட்டர்லேர்ந்து மெயின் சுவிட்ச் வரைக்கும் இருக்கற வயர்ல கரண்ட் இருந்துட்டேதான் இருக்கும், அதனால வீட்டுல ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரிஞ்ச பசங்க யாரும் டிபி மூடியை திறக்க வேண்டாம்.

வரிசைன்னா முதல்ல உள்ள அளந்து கணக்கு போடறது, அப்புறம் வாரியத்துல விண்ணப்பம், அனுமதி வர்றதுக்குள்ள டிபி, மெயின் வயர், எர்த் எல்லாம் தயார் பண்ணிடறது, கடைசில வாரியம் வந்து சர்வீஸ் லைனும் மீட்டரும் மாத்தும்போது கனெக்ஷன். எர்த் வயரை மறந்துடாதீங்க, பேஸ் வயர் 16 ஸ்கொயர் எம்எம் வரைக்கும் எர்த்தும் அதே சைஸ். டிபி வாங்கும்போது நாலஞ்சு இடம் காலியா இருக்கற மாதிரி பெருசா வாங்குங்க. புது எம்சிபில சின்ன கட்டத்துக்குள்ள 6000 இல்ல 10000ன்னு எழுதியிருக்கும், ஷார்ட் ஆனா எவ்வளவு ஆம்பியரை உடையாம வெட்டும்ங்கற அளவு அது. ட்ரான்ஸ்ஃபார்மர் வீட்டுப் பக்கத்துலயே இருந்தா, சர்வீஸ் கேபிளும் தடிமனாச்சுன்னா ஷார்ட் கரண்ட் ஏறும், அப்ப 10000 போடறது நல்லது.

வேலை முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சு அதே ஆளை வரச் சொல்லி எல்லா ஸ்க்ரூவையும் ஒரு தடவை டைட் பண்ணச் சொல்லுங்க, பல இழை இருக்கற வயர் ஸ்க்ரூவுக்கு கீழ நாள்பட அமுங்கி லூஸாகும். கூலி பேசும்போதே இந்த வருகையையும் சேர்த்து பேசிடுங்க, அப்புறம் கூப்பிட்டா வரமாட்டாங்க.